அப்பா தன் பெயரைத் தேடிய மதியங்கள்

எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் எந்தப் பொருளும் கொஞ்ச நாளைக்கு மேல் ஒரே இடத்தில் கிடந்தால் உள்ளே ஏதோ அரிக்கும். பீரோவை நகர்த்துவேன், கட்டிலைத் திருப்பிப் போடுவேன், சமையலறை டப்பாக்களின் வரிசையை மாற்றுவேன். அம்மா உப்பு என்று நினைத்துச் சீனியை அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டு, "வச்சத வச்ச எடத்துல இருக்க விடமாட்டா இவ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். திண்டுக்கல்லை விட்டே போக வேண்டும் என்ற நினைப்பு அப்போது எனக்கு விடாமல் இருந்தது. ஊரை மாற்ற முடியாதவள் டப்பாக்களை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது என் கைக்குப் பெரிய தீனி கிடைத்தது. அது இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. அப்பாவுக்கு வத்தலக்குண்டு ரோட்டில் உரக்கடை. கடைக் கணக்குக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டர், கடையின் மருந்து நெடிக்கும் தூசிக்கும் தாங்காது என்று யாரோ பயமுறுத்த, வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. பிறகு டெலிபோன் லைன் வழியாக நெட்டும் வந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்ததால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்தான் ராணி. திரையின் படத்தை மாற்றுவேன், எழுத்தின் அளவை மாற்றுவேன். ஒன்றும் கிடைக்காத நாளில் அம்புக்குறியின் வடிவத்தையாவது மாற்றிவிட்டு எழுந்திருப்பேன்.

ஒன்றை மட்டும் ரொம்ப நாள் மாற்றாமல் விட்டிருந்தேன். நெட் பார்க்கிற திரையின் மேலே வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எதை அடித்தாலும் தேடிக் கொடுக்கும். ஆனால் தேடுவது எந்தத் தேடுபொறி என்பது முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. எங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர் என்னத்தையோ இலவசமாக ஏற்றப் போக, அதோடு ஒட்டிக்கொண்டு பெயர் தெரியாத ஒரு தேடுபொறி வந்து அந்தக் கட்டத்தில் குடியேறியிருந்தது. திரையின் தலையில் ஒரு பட்டையும் போட்டுக்கொண்டது. பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பம்பரம் சுற்றும். ஒன்றைக் கேட்டால் ஒன்பது விளம்பரம் காட்டும். 'நீங்கள் பரிசு வென்றுவிட்டீர்கள்' என்று ஓரத்தில் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அண்ணன். இன்ஜினியரிங் முடித்துக் கனடாவுக்கு வேலைக்குப் போனவன், ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். வடமதுரைப் பக்கம் ஒரு வீட்டில் அப்பா அவனைக் கேட்காமலே பெண் பேசி, வாக்கும் கொடுத்துவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு நாள் குறித்த பிறகுதான் அவனிடம் சொன்னார். அவன் முடியாது என்றான். அப்பா கத்தினார், அவனும் கத்தினான். கடைசியில் அப்பா, "அப்ப இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். எந்தப் பேச்சையும் கேட்காத அண்ணன் இந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டான். அதன்பிறகு போன் வரவில்லை. அவன் பழைய நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். நான் அனுப்பிய மெயில்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இரண்டு பொங்கல் அப்படிப் போனது.

போன் மணி அடித்தால் மூன்று பேருக்கும் உடம்பு தூக்கிப் போடும், ஆனால் யாரும் முதலில் எழ மாட்டோம். அப்பா டிவி சத்தத்தை மட்டும் குறைப்பார். கடைசியில் நான் போய் எடுத்தால், "அண்ணாச்சி இருக்காகளா? கத்திரிக்கு என்ன மருந்து அடிக்கன்னு கேக்கணும்" என்று ஒரு குரல் கேட்கும். அம்மா அடுக்களைக்குப் போவார். பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் எல்லாமே இருக்கும்.

அப்பா மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருவார். முன்பெல்லாம் சாப்பிட்டதும் பாயை விரித்துச் செத்த நேரம் கண்ணயர்வார். கம்ப்யூட்டர் வந்து சில மாதம் கழித்து அந்தத் தூக்கம் போய்விட்டது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒற்றை விரலால், எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அடிப்பார். நானும் மதியம் வீட்டுக்கு வருவதால் ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டேன். அந்தச் சின்னக் கட்டத்தில் அவர் அடித்துக்கொண்டிருந்தது அவருடைய பெயரையே.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்பா தம் பேரு நெட்டுல வருதான்னு தேடிப் பாக்குறாரும்மா."

அம்மா வெஞ்சனச் சட்டியை வழித்துக்கொண்டே, "ஊருக்குள்ள இருக்க பேரு பத்தலயாக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எப்போதாவது அப்பா கொஞ்சம் முறைத்தால், "பெரிய ஆளு, நெட்டுலயெல்லாம் பேரு வருது" என்று நாங்கள் இரண்டு பேரும் கண் ஜாடை காட்டிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்ட கையோடு, அந்தப் பம்பரத்துக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சென்டரில் எல்லோரும் வேறொரு தேடுபொறிக்கு மாறியிருந்தார்கள். வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம், வேறு ஒரு சள்ளையும் கிடையாது. கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்பு, அதைத் தட்டினால் பட்டியல் விரியும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்று ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான். அதோடு நிற்காமல் பட்டையையும் வேரோடு பிடுங்கி எறிந்தேன். திரை குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

திங்கட்கிழமை மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, திரும்பப் போட்டு, மறுபடி அணைத்துக்கொண்டிருந்தார்.

"நெட்டு சரியா இருக்கா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லா இருக்கேப்பா."

"அந்தப் பம்பரத்தக் காணமே."

"அதத் தூக்கிட்டேன். வெறும் குப்ப. இது எம்புட்டு வேகமா இருக்குன்னு பாருங்க."

அவர் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடை திறக்க நேரம் இருந்தும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டே மோடத்தில் எரிகிற விளக்கைப் பார்ப்பார். டெலிபோன் ஒயரை எழுந்துபோய் அழுத்திவிட்டு வருவார். கடையில் ஒரு மல்லிகைத் தோட்டக்காரரிடம் எரிந்து விழுந்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரரே அம்மாவிடம் வந்து சொன்னார். நோய் விழுந்த இலையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிகளிடம் அப்பா ஒருநாளும் முகம் கோணியதில்லை. இலையைத் திருப்பிப் பார்ப்பார், கிள்ளிப் பார்ப்பார், அப்புறம்தான் மருந்தைப் பற்றியே பேசுவார்.

அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நெஞ்சு கிஞ்சு வலிக்குதான்னு கேளுடி. எங்கிட்டச் சொல்ல மாட்டாரு" என்று என்னை விரட்டினார்.

கேட்டேன். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்தா, அந்தப் பழசத் திரும்ப வைக்க முடியாதா?" என்றார்.

"எதுக்குப்பா அது? இதுல நல்லாத் தேடித் தருது. நீங்க என்ன தேடணும், சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்."

"ஒண்ணுமில்ல. எனக்குப் பழசே பழகிருச்சு."

"பழகிருச்சு பழகிருச்சுன்னா எப்பத்தான் மாறுறது?" என்று நான் சென்டரில் பேசுகிற குரலில் ஆரம்பித்துவிட்டேன். நல்ல தேடுபொறி எது, கெட்ட தேடுபொறி எது, எந்தெந்தக் குப்பை வழியாக வைரஸ் வரும் என்று ஒரு பாடமே எடுத்தேன். அப்பா கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்குக் கோபம். நல்லது பண்ணினாலும் இந்த வீட்டில் மதிப்பில்லை என்று அம்மாவிடம் போய்ப் பொருமினேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, சென்டரிலிருந்து இறங்கி வரும்போது எதிரே இருந்த பிரவுசிங் சென்டரின் வாசலில் அப்பாவின் வண்டி நின்றது. அதன் சீட்டில் உரக் கம்பெனியின் பெயர் போட்ட உறை இருக்கும், தப்பவே தப்பாது. மேலே ஏறிப் போனேன். பிளைவுட்டில் தடுத்த ஆளுயரக் கூண்டுகள். ஒன்றில் அப்பா, பக்கத்தில் கவுண்டர் பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சார், உங்க பேருல ஏகப்பட்ட பேர் இருக்காங்க. இதுல யாரு வேணும் உங்களுக்கு?"

"மூணாவதா வரும்மா. ஆரஞ்சுக் கலருல பம்பரம் சுத்தும், அதுல மூணாவது."

அவள் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அப்பா திரும்பினார். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. பஸ் ஸ்டாண்டில் கூட வந்த ஆளைத் தொலைத்துவிட்டவர்களின் முகம் அப்படி இருக்கும்.

"யாரத்தாம்ப்பா தேடுறீங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் பக்கத்துக் கூண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுல ஒன் அண்ணன் இருந்தான்த்தா. நீ எடுத்ததுல போயிட்டான்."

கீழே இறங்கி, பேருந்துகள் திரும்புகிற சத்தத்துக்கு நடுவே, டீக்கடை ஓரத்தில் நின்றுதான் முழுவதையும் சொன்னார். மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் கடையில் விளையாட்டாக, "உங்க பேரப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி, எங்க கம்பெனி டீலர் லிஸ்ட்ல வருதான்னு" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். டீலர் லிஸ்ட் வரவில்லை. மூன்றாவது வரியைத் தட்டியதும் செடி வளர்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற ஒரு பக்கம் திறந்தது. அதில் அப்பாவின் பெயரில் ஒரு ஆள். கட்டை விரல் அளவுக்கு ஒரு போட்டோ. போட்டோவில் அண்ணன்.

எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு ஒரேயடியாகப் புரிந்தது. நானும் அண்ணனைத் தேடியிருக்கிறேன். மெயில்கள் திரும்பி வந்த கோபத்தில், நாங்கள் இங்கே எழுதுகிறபடி, ஒரு இனிஷியலும் அவன் பெயருமாகப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை, போகிறான் என்று விட்டுவிட்டேன். அங்கே ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அப்பாவின் பெயர் முழுசாகப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஊரில் அவனுடைய சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அவனை அவர்கள் கூப்பிடுவது அப்பாவின் பெயரைச் சொல்லித்தான்.

"இங்க என்னைய எல்லாரும் அண்ணாச்சிங்குறாங்க, மொதலாளிங்குறாங்க. எம்பேரச் சொல்லி யாரு கூப்புடுறா?" என்றார் அப்பா. "அங்கன அவனக் கூப்புடுறாங்க."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அம்மா அந்த நிமிஷமே அவனோடு பேசவேண்டும் என்பார், போன் பண்ணாதே என்று சொன்னது யார் என்ற கேள்வி வரும் என்றார். பிறகு டீயை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டு, "அத எடுக்க முடியுமா, முடியாதா?" என்றார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அவ்வளவு சுலபமில்லை. என் வெள்ளைப் பக்கத்தில் அப்பாவின் பெயரைப் போட்டால் ஒரு கல்லூரி முதல்வர் வந்தார், ஒரு கப்பல் ஏஜெண்ட் வந்தார், எந்த ஊரிலோ வயலின் வாசிக்கிற ஒருவர் வந்தார். செடி, தொட்டி, உரம் என்று கூடச் சேர்த்துப் போட்டால் உலகத்திலுள்ள அத்தனை நர்சரியும் வந்தது. நெட்டில் இருப்பது எல்லாம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கிடைக்கும் என்று சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு தேடுபொறியும் தன் கண்ணுக்குப் பட்டதைத் தன் வரிசையில்தான் காட்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அண்ணன் இருந்த பக்கம் அந்தப் பம்பரத்தின் கண்ணில் மட்டும் பட்டிருந்தது. நான் மாற்றியது வெறும் ஒரு டிக் என்று நினைத்திருந்தேன்.

கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவருக்குப் போன் பண்ணினேன். "அக்கா, ஊரே அத எடுத்துவிடுங்கன்னு எனக்குப் போன் பண்ணுது. நீங்க ஒரு ஆளுதான் போடச் சொல்றீங்க" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. எங்கிருந்து இறக்குவது என்று சொன்னார். நான் கழுவித் துடைத்து எறிந்த குப்பையை நானே வருந்தி வருந்தி அழைத்தேன். இறங்குகிற கோடு முக்கால் பாகம் போனபோது கரண்ட் போனது. அப்பா எழுந்து வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார். நான் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஃபேனு நின்னதுக்கா இம்புட்டு ஆட்டம்?" என்றார்.

கரண்ட் வந்ததும் முதலிலிருந்து இறக்கினேன். பம்பரம் சுற்றத் தொடங்கியது. 'நீங்கள் பரிசு வென்றுவிட்டீர்கள்' என்றது. குட்டி அம்பைத் தட்டி, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும் இதையே' என்று டிக் போட்டேன். "நான் அடிக்கிறேன்" என்றார் அப்பா. ஒற்றை விரலால் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மூன்றாவது வரியில் ஒரு பல் டாக்டர் இருந்தார்.

அப்பாவின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. நான் திரையைக் கீழே தள்ளினேன். ஐந்தாவது வரியைப் பார்த்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "இதான், இதான்" என்றார்.

கம்பளித் தொப்பி, தாடி, கையில் ஒரு தொட்டி. கொஞ்சம் மெலிந்திருந்தான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது கோபம். பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். எவனோ ஒருவனின் கறிவேப்பிலைக்கு, எவளோ ஒருத்தியின் மிளகாய்ச் செடிக்கு, ஆற அமரப் பதில் சொல்லியிருந்தான். "ஊர்ல இருக்கவங்ககிட்டயெல்லாம் பேச இவனுக்கு நேரம் இருக்கு பாருங்க" என்றேன். அப்பா காதில் வாங்கவில்லை. அவர் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் இலை, வேர், பூச்சி, தெளி, கலக்கு, உதிர்கிறது என்பதெல்லாம் மருந்து டப்பாக்களில் வாழ்நாள் முழுக்க அவர் படித்த வார்த்தைகள். அண்ணன் எழுதியது முழுக்க அந்த வார்த்தைகளிலேயே இருந்தது. அத்தனை மதியங்களும் மகனை அவர் ஒரு தடங்கலும் இல்லாமல் படித்திருக்கிறார்.

அந்த ஒரு வாரத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. இந்த முறை அண்ணன் பதில் சொல்லவில்லை, கேட்டிருந்தான். 'வீட்டுக்குள் தொட்டியில் வைத்திருக்கும் மல்லிகையின் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுக்கிறேன். இந்தச் செடி எனக்கு முக்கியமானது. என்ன செய்யலாம்?' கீழே நாலைந்து பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். ஒருவர் உரத்தைக் கூட்டு என்றார். ஒருவர் தண்ணீரைக் கூட்டு என்றார். இன்னொருவர் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கு என்றார்.

அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "வேரு அழுகுது. குளுருக்குச் செடி தூங்குது, இவன் ஊத்து ஊத்துன்னு ஊத்துறான். இதுல உரத்த வேற போடச் சொல்றாங்க. கொன்னுருவாங்க." ஹாலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி திரையைப் பார்த்தார். "சுத்துப்பட்டு ஊரே எங்கிட்ட வந்து கேக்குது. இவன் ஊரு ஒலகத்தையெல்லாம் கேக்குறான்."

அப்பா கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கண்ணில் ஒன்றுமில்லை, குரல்தான் ஒருமாதிரி தடித்துவிட்டது. எனக்கு அண்ணன் மேலிருந்த கோபம் முழுவதும் அந்த இடத்தில் நின்றுபோனது. இரண்டு பேரும் ஒரே அச்சு என்று தோன்றியது.

"நீங்களே சொல்லுங்கப்பா. நான் அடிக்கிறேன்."

பதில் எழுத வேண்டுமென்றால் முதலில் அந்தப் பக்கத்தில் சேர வேண்டும். சேர ஒரு பெயர் வேண்டும். அப்பாவின் பெயரைப் போட்டு அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

"என்னங்குது?"

"இந்தப் பேரு ஏற்கெனவே ஒருத்தரு எடுத்துட்டாராம். வேற பேரு போடச் சொல்லுது."

அப்பா அந்தச் சிவப்பு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. நான்தான குடுத்தேன்" என்றார்.

கடைப் பெயரைப் போடட்டுமா, என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அடுக்களையில் அம்மா எதையோ தாளித்துக்கொண்டிருந்தார், கடுகு வெடிக்கிற சத்தம் வந்தது. அப்பா குரலை இறக்கி, "ஒங்கம்மா பேரப் போடு. அத யாரும் எடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

போட்டேன். ஒரு தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. எனக்கும் அண்ணனுக்கும் இனிஷியல் அப்பாவுடையதுதான். அம்மாவின் பெயரை ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் எழுதிய ஞாபகம் எனக்கில்லை. அந்தப் பெயர் அங்கே திரையில் தனியாக, பின்னால் எதுவும் இல்லாமல் நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பா கல்லாவில் நின்று சம்சாரிகளிடம் பேசுகிற மாதிரியே சொன்னார், நான் இங்கிலீஷில் அடித்தேன். தண்ணீரை நிறுத்து. மேல் மண்ணை விரலால் குத்திப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பார். துளிர் விடுகிற வரைக்கும் உரம் என்ற பேச்சே வேண்டாம். வேறு எதுவும் எழுதவில்லை. நான் முடித்ததும், "படிச்சுக் காட்டு" என்றார். படித்துக் காட்டினேன். "அனுப்பு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் முந்தைய வாரத்தைவிட மோசம். மதியம் மட்டும் உட்காருகிறவர் காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலும் உட்கார்ந்தார். நான் சென்டரில் பாடம் நடத்துகிற நடுவே திறந்து திறந்து பார்த்தேன். சென்டரின் கம்ப்யூட்டர் ஒன்றில் ஆரஞ்சுப் பம்பரத்தை ஏற்றியதற்கு எனக்குத் திட்டும் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. தண்ணீரைக் கூட்டச் சொன்னவருக்கு நன்றி சொல்லியிருந்தவன், எங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. அம்மா, "அப்பனும் மகளும் எதையோ மறைக்கிறீங்க" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எடுத்துவிட்டார்.

"யாரு?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சாப்டியாய்யா?" என்றார். அவனுக்கு அங்கே விடிந்துதான் இருக்கும். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்க, நெற்றியை மட்டும் சுருக்கினார். "நானா? கம்ப்யூட்டரா? நான் எங்கய்யா அதத் தொட்டேன். தூசி தொடைக்கக்கூட ஒந்தங்கச்சி விட மாட்டா." மறுபடி அவன் சொல்வதைக் கேட்டார். மெதுவாகத் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒங்கப்பாவா? இங்கனதான்ய்யா நிக்கிறாரு."

அம்மா ரிசீவரை நீட்டினார். அப்பா உடனே வாங்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், காதைத் துடைத்தார். வாங்கிக் காதில் வைத்த பிறகும் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை, தூரத்து லைனின் இரைச்சல் மட்டும் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. ஏதாவது பேசுங்கப்பா, வைத்துவிடப் போகிறான் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணிய நிறுத்துனியா?" என்று கேட்டார்.